குறை வைக்கிறவர்

புதிதாக வாங்கிய எதையும் அவரிடம் காட்டக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காட்டிவிடுவார்கள். காட்டாமல் வைத்திருந்தால் ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்கு எதிர் வளவு அவருடையது. என்னைவிட மூத்தவர் என்பதால் காக்கா என்று அழைப்பேன். மெலிந்து உயர்ந்த உடம்பு. சட்டையின் மேல் பொத்தான் எப்போதும் இருக்காது. அது கழன்று விழுந்ததல்ல, சட்டை வாங்கிய அன்றே அவர் வெட்டி எடுத்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

கல்முனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த புதிதில் நான் ஒரு சைக்கிள் வாங்கினேன். சட்டகத்தில் சுற்றியிருந்த கடதாசியை ஒரு கிழியலும் இல்லாமல் பிரித்து, மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் முற்றத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மணியை அடித்துப் பார்த்தார். அழகு என்றோ நல்லது என்றோ சொல்லவில்லை. சாரன் மடியிலிருந்து வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து, இருக்கைக்குக் கீழே கறுப்பு வர்ணத்தில் ஒரு கீறு கீறினார்.

“என்ன காக்கா இது?”

“ஒரு குறை வெச்சிட்டன் தம்பி. இனி ஆருட கண்ணும் இதில நிக்காது. பயமில்லாம ஓடுங்க.”

பென்சில்களைக்கூட ஒரே நீளத்தில் வைத்திருக்கிறவன் நான். அந்தக் கீறல் என்னைப் படுத்தியது. கறுப்பு வர்ணம் வாங்கி, தீக்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு மறைத்தேன். ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்திலேயே சற்றுப் பெரிதாக இன்னொன்று கீறிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “கோவிக்காதீங்க. நீங்க அழிச்சா நான் வெக்கத்தானே வேணும்” என்றார். குரலில் குறும்பு இல்லை. ஒரு சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கு மருந்து போடுவதைப் போலச் செய்தார்.

பெருநாள் நெருங்கினால் மருதமுனைக் கைத்தறிச் சாரன்கள் கடைகளில் அடுக்கியிருக்கும். தெரு முனைத் துணிக்கடைக்காரர் இவரைக் கண்டால் எழுந்து நிற்பார். மரியாதைக்கு அல்ல.

“காக்கா, வாங்கினவங்கட சாரன்ல என்னத்தையும் செய்யுங்க. விக்காததில கை வெக்காதீங்க.”

“விக்காம கிடக்கிற சாரனுக்கு ஆருகா கண் வெக்கப் போறா?” என்பார் இவர். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் மட்டும் சிரிக்கமாட்டார்.

ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை நிக்காஹ்வுக்குப் புறப்பட்டு நிற்கிறான். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், சுற்றிலும் கூட்டம். இவர் போய்க் கைகொடுத்துவிட்டு விலகியபோது மாப்பிள்ளையின் மணிக்கட்டுப் பொத்தான் இவருடைய உள்ளங்கையில் இருந்தது. தாய் பார்த்துவிட்டாள்.

“கலியாண ஊட்டுக்குக் கத்தரிக்கோலோட வந்திரிக்காரே இந்த மனிசன். எங்கட காசில தைச்ச சட்டை இது.”

“பொத்தான் போனா தைக்கலாம் ராத்தா” என்றார் இவர், தாழ்ந்த குரலில்.

மாப்பிள்ளை ஒரு கையை மடித்துப் பிடித்தபடியே பள்ளிவாசலுக்குப் போனான்.

ஆனால் பிள்ளை பெற்றவர்கள் அவரைத் தேடி வருவார்கள். நாற்பது நாள் முடிந்ததும் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் பிடிப்பார்கள். அவர் குனிந்து நிதானமாகப் பார்ப்பார். “காது கொஞ்சம் பெரிசு.” “அழுற சத்தம் தகரத்தில அடிச்ச மாதிரி இரிக்கு.” இப்படி ஒன்றைச் சொல்வார். தாய்மார் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். ஒருமுறை ஒரு குழந்தையில் என்ன பார்த்தும் குறை அகப்படவில்லை. தாய்க்கு முகம் வெளிறத் தொடங்கியது. கடைசியில், “உம்மாட சாயல் அப்பிடியே இரிக்கு” என்றார். அவள் சிரித்த சிரிப்பு கடற்கரை வரை கேட்டிருக்கும்.

பள்ளியில் மௌலவி அவரைக் கூப்பிட்டுக் கண்டித்ததும் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருந்தேன்.

“கண்ணூறு உண்மை. இல்லையெண்டு நான் சொல்லல்ல. அதுக்கு ஓதத்தான் வேணும். ஆணியால கீறச் சொல்லி எங்க இரிக்கு?”

“ஓதவும் ஓதுறன் ஹசரத். கீறவும் கீறுறன்.”

“அப்ப ஓதினதில உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?”

“ஓதினதில நம்பிக்கை இரிக்கு. என்ட வாயிலதான் இல்ல.”

மௌலவி எழுந்து தொழுகைக்குப் போனார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எப்போது வந்தது என்று நான் கேட்டதில்லை. நான் ராத்தா, அதாவது அக்கா, என்று அழைக்கும் அவர் மனைவிதான் சொன்னார், நான் கேளாமலே. அப்போது அவர்கள் தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தார்கள். வளவின் நடுவில் ஒரு கல்வீட்டின் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அதன்மேல் ராத்தா நெல் காயப்போடுவார். எழுபத்தெட்டில் வந்த சூறாவளிக்கு முன்பு அங்கே அவர் கட்டிய வீடு இருந்தது. ஓட்டுக்கூரை, பூசிய சுவர், நீலம் கலந்த சுண்ணாம்பு. குடிபுகுந்த கிழமை ஊரே வந்து பார்த்துப் புகழ்ந்ததாம். அந்தக் கிழமை முடியுமுன் காற்று வந்தது. வளவில் நின்ற பழைய கிடுகுக் குடிசையை நம்பாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குள் இருந்தார்கள். குடிசை மெதுவாகச் சாய்ந்து படுத்தது. கல்வீட்டின் முகப்புச் சுவர் உள்ளே விழுந்தது. கடைசி மகன் அதன் கீழே.

“காத்து எல்லாருட ஊட்டையும்தான் தள்ளின” என்றார் ராத்தா. “இவர் மட்டும் வந்து பார்த்தவங்கட கண்ணைத்தான் பிடிச்சிட்டு நிக்கார்.”

அன்றிலிருந்து அவர் முற்றத்தில் நின்று எதையாவது சுற்றிவந்து பார்க்கும்போது என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனால் ஒரு பதற்றம் ஒட்டிக்கொண்டது. நல்ல பொருள் எதைக் கண்டாலும் இவர் இதை எங்கே கீறுவார் என்று என் கண் இடம் தேடத் தொடங்கியது.

பிறகு நான் வெளிநாடு போனேன். வளைகுடா நகரம் ஒன்றில் கார்கள் இறக்குமதி செய்து விற்கும் கம்பனியில் எழுத்து வேலை. வண்டி கையளிக்கும்போது வேண்டிய பத்திரங்கள் எல்லாம் என் பொறுப்பு. அடுத்த வருடம் அவருக்கும் அங்கே விசா எடுத்துக் கொடுத்தேன். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. இனி ஒரு கல் மேல் கல் வைக்கமாட்டேன் என்று இருந்த மனிதர், அந்தப் பழைய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் மகளுக்காகப் புதிது வெட்டினார். சுவர் எழும்பியிருந்தது. கூரைக்காகத்தான் புறப்பட்டு வந்தார்.

மனேஜர் ஒரு லெபனான்காரர். “உன் ஊர்க்காரன். நீதான் பொறுப்பு” என்றார். தலையாட்டினேன்.

கழுவி மினுக்கும் பகுதியில் அவரைப் போட்டார்கள். துணியை நாலாக மடித்து, வட்டம் வட்டமாக, பொறுமையாகத் துடைப்பார். அவர் துடைத்த காரில் முகம் பார்த்துத் தாடி திருத்தலாம். ஆனால் வண்டி வாசலைக் கடக்குமுன் ஏதாவது ஒன்று செய்துவிடுவார். சாம்பல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மணல். இயந்திர மூடிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், எண்ணெய்ப் பெருவிரல் அடையாளம். எனக்குத் தெரியும். வாங்கியவர்களுக்குத் தெரியாது. அதனால் எனக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த மஞ்சள் கார் வந்தது.

ஐரோப்பாவில் பந்தயக் கார் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் வண்டி. என் இடுப்பளவு உயரமும் இல்லை. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. அதை முடுக்கினால் ஷோரூம் கண்ணாடிகள் அதிர்ந்தன, என் மேசையில் குண்டூசிகள் நகர்ந்தன. வாங்கியவன் நகரத்தின் பெரிய குடும்பத்துப் பையன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் தாங்களே வந்து, விருந்தினர்களை அழைத்து, விழா வைத்துக் காரைக் கையளிப்பது அவர்களுடைய வழக்கமாம். அதற்காக இருவர் வந்திறங்கினார்கள். ஒருவர் பேசுகிறவர். மற்றவர் பேசாதவர். கையில் ஒரு நீண்ட விளக்கை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்து, வர்ணத்தில் ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடுவதுதான் இவர் தொழில். தும்பு ஒன்று ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

குறை தேடுகிறவரும் குறை வைக்கிறவரும் ஒரே கூரையின் கீழ்.

அந்தப் பையன் விழாவுக்கு முன்பே அடிக்கடி வருவான். காரின் மூடுதுணியை விலக்கி எட்டிப் பார்ப்பான். காக்கா அங்கே துடைத்துக்கொண்டிருப்பார். “அம்மீ, எவ்வளவு வேகம் ஓடும் தெரியுமா?” என்று அரபில் கேட்பான். அம்மீ என்றால் நாங்கள் சாச்சா என்கிறோமே, சித்தப்பா முறை, அது. பணக்கார வீட்டுப் பையன் துடைக்கிறவனை அப்படிக் கூப்பிடுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. காக்காவுக்கு அவன் சொல்வதில் பாதிதான் விளங்கும். சிரிப்பார். அவன் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

“தம்பி, இதுக்குப் பெருவிரல் அடையாளம் போதாது” என்றார் ஒருநாள்.

“எதுக்கு?”

“இந்தக் காருக்கு. இந்தப் பொடியன் இதில மவுத்தாப் போவான்.”

“காக்கா, மெல்லக் கதைங்க.”

“ஊரே வந்து நிண்டு பார்க்கப் போகுது. மாஷா அல்லாஹ் எண்டு சொல்லத் தெரியாத வெள்ளக்காரனும் நிப்பான். ஒரு குறையும் வெக்காம இத எப்பிடிக் கையில குடுக்கிற? அவனுக்கும் ஒரு உம்மா இரிப்பா.”

அன்று மாலை விளக்குக்காரர் கதவின் உள்விளிம்பில் ஓர் எண்ணெய் அடையாளம் கண்டார். துடைத்தார். மறுநாள் இயந்திர மூடியின் அடியில் ஒன்று. துடைத்தார். அதற்கடுத்த நாள் பின்சக்கரத்துக்கு மேலே, வளைவுக்குள். அவர் முழங்காலில் நின்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெருவிரல் ரேகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு போய் மனேஜரைக் கூட்டிவந்தார்.

மனேஜர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். காரில் யாரோ வேண்டுமென்று கை வைக்கிறார்கள், பிடிபட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு, அவனைக் கொண்டுவந்தவனும் கூடப் போவான் என்றார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததாகவே எனக்குப் பட்டது.

தொழுகை அறைக்கு வெளியே, செருப்புகள் கழற்றும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

“மகள்ட ஊட்டுக்குக் கூரை வேணுமா வேணாமா?”

“வேணும்.”

“அப்ப காரில கை வெக்கிறல்ல எண்டு எனக்குச் சத்தியம் பண்ணுங்க.”

செருப்பைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடியும் போட்டார். “காரில என்ட கை படாது. அது மட்டும்தான் சொல்லுவன் தம்பி” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நான் கவனித்திருக்கலாம்.

விழா நாளில் ஷோரூமின் நடுவில் சிவப்புக் கம்பளம். ஒரு பக்கம் பேரீச்சம்பழத் தட்டுகளும் பித்தளைக் கோப்பிக் கூசாக்களும். நடுவில் வெண்பட்டுத் துணி போர்த்த கார். அதைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவோ ஞாபகம் வந்தது, அதை அங்கே நினைக்க விரும்பவில்லை. நான் இடது பக்க மேசைக்கருகில் பத்திரங்கள் அடங்கிய ஃபைலுடன் நின்றேன். ஒப்பமிட வேண்டிய இடங்களில் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்திருந்தேன். காக்காவுக்கும் இன்னொரு தொழிலாளிக்கும் புதுச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் கொடுத்திருந்தார்கள். இருவரும் இரு மூலையைப் பிடித்துப் பட்டுத்துணியைப் பின்னால் இழுக்க வேண்டும், சுருட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். அவருடைய புதுச் சீருடையில் மேல் பொத்தான் இருக்கவில்லை.

விருந்தினர் வந்தார்கள். பேசுகிற ஐரோப்பியர் பேசினார். நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் கண் அந்த வெள்ளைக் கையுறைகளிலேயே இருந்தது. கையுறைக்குள் ஒரு திறப்பு இருந்தால்? ஓர் ஆணி இருந்தால்? துணியை இழுக்கிற இழுப்பில் ஒரு கீறு விழுந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? விளக்குக்காரர் கண்டுபிடிப்பார்.

துணி நழுவியது. மஞ்சள் நிறம் அந்த அறையையே நிறைத்தது. எல்லோரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள். அரபிகள் கண் படாதிருக்க மாஷா அல்லாஹ் என்றார்கள். பேசுகிற ஐரோப்பியர் காரின் மேல் கையை வீசி, ஒரு குற்றமும் இல்லாத வண்டி, எங்கள் தொழிற்சாலையிலிருந்து இதுவரை வெளிவந்ததில் இதுதான் நிறைவானது என்றார். கைதட்டினார்கள். பையன் திறப்புப் பெட்டியை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

காக்காவின் கைகள் பட்டுத்துணியைச் சுருட்டி முடித்திருந்தன. காரில் படவில்லை. நான் மூச்சை வெளியே விட்டேன்.

அவர் திரைப்பக்கம் போகவில்லை. துணிச் சுருளை அணைத்தபடி கம்பளத்தின் குறுக்கே, நேராகப் பையனை நோக்கி நடந்தார். அவனுக்கு முன்னால் வந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தலை கோப்பி மேசையில் மோதியது. கூசா கவிழ்ந்து, சுடுகோப்பி ஐரோப்பியரின் காற்சட்டையிலும் கம்பளத்திலும் கொட்டியது. பேரீச்சம்பழங்கள் உருண்டன. காரின் மேல் ஒரு துளியும் தெறிக்கவில்லை.

பிறகு யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பையன்தான் குனிந்து, “அம்மீ, அம்மீ” என்று அவரைத் தூக்கிவிட்டான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் நெற்றியில் சின்னதாக இரத்தம். முகத்தில் வெட்கம் இல்லை. பெரிய சுமையை இறக்கி வைத்த ஆளைப் போல மூச்சு வாங்கினார்.

மீன்பிடிக்கிறவர்கள் தோணி இழுக்கும் ஈர மணலில், தலையில் நெல்மூட்டையோடு, ஒரு தள்ளாட்டம் இல்லாமல் நடக்கிறவரை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். அவர் கால் தடக்கி விழுகிறவர் அல்ல.

மறுநாள் காலை மனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“இவனிடம் கேள். நேற்று இவனுக்கு உடம்புக்கு ஏதாவது சுகயீனமா? மயக்கம் என்றால் டாக்டரிடம் அனுப்புகிறேன், வேலையில் இருக்கட்டும். இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்புகிறேன். தொழிற்சாலைக்காரருக்கு நான் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.”

மனேஜர் கெட்டவர் அல்ல. கதவைத் திறந்துதான் விட்டார். நான் காக்காவிடம் திரும்பினேன்.

“மயக்கம் வந்த எண்டு சொல்லுங்க. அது போதும். வேலை இரிக்கும்.”

“மயக்கம் வரல்லயே.”

“வரல்ல எண்டு எனக்குத் தெரியும். சொல்லுங்க. மிச்சத்த நான் பார்த்துக்கிறன்.”

அவர் தலையை அசைத்தார். “மயக்கம் எண்டு சொன்னா அது நோய். நோய்க்கு ஆரும் குறை சொல்ல மாட்டாங்க. அந்தச் சபையில ஒரு பிழை நடந்த எண்டு இரிக்கணும் தம்பி. அத நீங்க துடைச்சிப் போட்டா நான் விழுந்தது வீண்.”

“மகள்ட ஊடு?”

அவர் கண்ணில் நீர் வந்தது. ஆனால் குரல் மாறவில்லை. “மகள் உசிரோட இரிக்காதானே” என்றார். “சொல்லுங்க. நோய் இல்ல, என்ட பிழை எண்டு.”

மனேஜர் பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு காத்திருந்தார். என் வாய்க்குள் மயக்கத்துக்கான ஆங்கிலச் சொல் தயாராக இருந்தது. காக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். மனேஜர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

காக்கா ஊருக்குப் போன பிறகு அந்த மஞ்சள் கார் மாலையில் கடற்கரைச் சாலையால் போகும். அதன் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். சத்தம் ஒரு வளைவில் ஏறி, இறங்கி, தேய்ந்து, முற்றாக நிற்கும் வரை பேனா நகராது. அந்தச் சாலையில் வேறு கார்கள் கவிழ்ந்தன, வேறு வீட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கு என்ன பொருள் என்று நான் எழுதி வைக்கவில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எதிர் வளவுக்குப் போவதை ஒவ்வொரு நாளாகப் பிந்திப் போட்டேன். ராத்தாவே வேலிக்கு மேலால் குரல் கொடுத்தார்.

“வெளிநாட்டுக்காரருக்கு எங்கட கடப்பு வாசல் கண்ணில படல்ல போல.”

போனேன். மகளின் வீட்டுச் சுவர்கள் அப்படியே நின்றன. ஓட்டுக்குப் பதில் மேலே கிடுகு போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இந்த மாரி முடியும்வரை தவணை கொடுத்திருக்கிறார்களாம், அதற்குள் ஓடு ஏறாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம். காக்கா இப்போது அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறார். அன்று வீட்டில் இருந்தார். கொஞ்சம் வளைந்திருந்தார்.

“அரபிட மகனுக்கு வெச்ச குறைய எங்கட தலையில இறக்கிட்டு வந்திரிக்கார்” என்றார் ராத்தா, தேத்தண்ணியை என் முன்னால் வைத்தபடி.

அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் பக்கம் சாய்ந்து, “அந்தப் பொடியன் இரிக்கானா தம்பி?” என்று கேட்டார்.

“ஓம் காக்கா. சுகமா இரிக்கான்.”

“பார்த்தீங்களா” என்றார் ராத்தா. “மாப்பிள்ளை ஊட்டில என்ன சொன்னாங்க எண்டு ஒரு நாள் கேட்டிரிப்பாரா?”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அவர். கண்ணை மூடி, முதுகைச் சுவரில் சாய்த்தார். மாதச் சம்பளம் கைக்கு வந்த ஆளின் முகம்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்றைச் சொன்னால் முழுவதும் சொல்லிவிடுவது என் குணம்.

“அந்தக் காரை வித்துப்போட்டான். அதவிட வேகமான ஒண்டுக்குச் சொல்லியிரிக்கான். நான் போய்ச் சேருற மாசம் வருது.”

அவர் கண்ணைத் திறந்தார்.

“புதுசா?”

“புதுசு.”

“அதே மாதிரிச் சபை வெப்பாங்களா?”

“இதவிடப் பெரிசா வெப்பாங்க. தொழிற்சாலையில இருந்து இன்னும் ஆக்கள் வருவாங்களாம்.”

அவர் முற்றத்தைப் பார்த்தார். கிடுகுக் கூரையைப் பார்த்தார். ஆலை வெண்தூசு படிந்த தன் கைகளைப் பார்த்தார்.

“அப்ப அதுக்கு ஆரு நிப்பா?”

“துடைக்கிறதுக்குப் புது ஆள் எடுத்திட்டாங்க காக்கா.”

“அவனுக்கு இதெல்லாம் தெரியாதே.”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

“நீங்க அந்தச் சபையில நிப்பீங்கதானே தம்பி?”

“நான் ஃபைலைப் பிடிச்சிட்டு ஒரு மூலையில நிப்பன். வேற ஒண்டும் இல்ல.”

“அது போதும்” என்றார். “குறை விழ ஒரு ஆள் சபையில நிண்டாச் சரி.”

பிறகு எழுந்து வந்து என் முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் மடிப்புக் கலையாத சட்டையை, பொத்தான்களை, பையில் செருகியிருந்த பேனாவை, வாரிய தலையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். குழந்தைகளைப் பார்ப்பது போல. நான் அவர் வாயிலிருந்து வரப்போகும் குறைக்காகக் காத்திருந்தேன். காது பெரிது என்று சொல்லலாம். மூக்கு சப்பை என்று சொல்லலாம். எதையாவது சொன்னால் போதும்.

“நல்ல வடிவா இரிக்கீங்க தம்பி” என்றார். “வெளிநாட்டுத் தொழில், கல்வீடு, நல்ல பிள்ளைகள். உங்களில சொல்லுறதுக்கு ஒண்டும் இல்ல.”

ராத்தா கையில் இருந்த தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். “என்ன மனிசா கதைக்கீங்க? மாஷா அல்லாஹ் எண்டு சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.